சேம அச்சும் ஸ்டெப்னியும்

எங்கள் பக்கத்தில் 'வண்டி' என்ற சொல்லின் பொருள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. என் தாத்தா காலத்தில் வண்டி என்றால் மாடு பூட்டியது. இன்று ராஜபாளையத்தில் யாராவது "வண்டிய எங்க விட்ட?" என்று கேட்டால், மோட்டார் சைக்கிளைக் கேட்கிறார் என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சொல் வந்தது: 'டயர் வண்டி'. மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் காற்றடைத்த ரப்பர் சக்கரம் மாட்டிய மாட்டுவண்டிக்கு அந்தப் பெயர். அது வந்த பிறகுதான், அதுவரை வெறும் வண்டியாக இருந்த பழையதற்குக் 'கட்டை வண்டி' என்று தனிப்பெயர் தேவைப்பட்டது.

ஒரு சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது பார்ப்பதற்குச் சின்ன வேலை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வேலை நடந்து முடிய ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏன் அவ்வளவு நாள் பிடித்தது, ரப்பர் நல்லது என்று தெரிந்தும் ஏன் பலர் தயங்கினார்கள் என்று யோசித்தபோது, அவர்களுடைய தயக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது தெரிந்தது. கல்லும் முள்ளும் சேறும் உள்ள பாதையில் வண்டியை இழுத்துப்போய், ராத்தங்கி, திரும்பி வர வேண்டியவர்கள் போட்ட கணக்கு அது. ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர் கட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் தங்கப் போகிறவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

வண்டியே வீடு

வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்ற உமணர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். பெரும்பாணாற்றுப்படை அவர்களுடைய வண்டியை ஒவ்வொரு உறுப்பாக விவரிக்கிறது. முழுமரத்தில் செய்த, முழவைப் போன்ற உருளை. அதைச் சுற்றி வட்டை. மேலே புல் வேய்ந்த கூரை. வண்டியோடு கோழிக்கூடு போகிறது, சின்ன உரல் தொங்குகிறது, கயிற்றில் கட்டிய பானை ஆடுகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டுகிறாள். ஆண்கள் பக்கவாட்டில் காவலாக நடந்து வருகிறார்கள். வேறு சங்கப் பாடல்களில், உமணர் கூட்டம் தங்கிச் சமைத்துவிட்டுப் போன இடத்தில் கல்லடுப்புகள் மட்டும் கிடக்கும் காட்சியும் வருகிறது.

இவற்றில் என்னை நிறுத்தியது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் வரும் செய்தி. மாடுகள் இளையவை, பாரமோ அதிகம், போகும் வழியில் பள்ளமும் மேடும் எப்படி இருக்குமோ யாருக்குத் தெரியும் என்று நினைக்கிற உமணர்கள், வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. ஆபத்துக்கு உதவுகிறவன் நீ என்று தலைவனைப் புகழ ஔவை அதை உவமையாக்குகிறார்.

ஏன் சேமச் சக்கரம் இல்லை, சேம அச்சு? முழுமரச் சக்கரம் திடீரென்று முறியாது. தேயும், விரிசல் விடும், அதற்கு முன்பே அறிகுறி காட்டும். அச்சுதான் பள்ளத்தில் இறங்கும்போது சட்டென்று முறியும். எது முன்னறிவிப்பு இல்லாமல் போகுமோ அதைத்தான் கூடவே எடுத்துப்போக வேண்டும். வள்ளுவரும் அளவுக்கு மீறி ஏற்றினால் மயிலிறகு வண்டியும் அச்சு முறியும் என்றுதான் சொன்னாரே தவிர, சக்கரத்தைச் சொல்லவில்லை.

வண்டிப் பயணத்தின் கணக்கு அப்போதே முழுமையாக இருந்திருக்கிறது. பாதை எப்படி, பாரம் எவ்வளவு, நடுவழியில் முறிந்தால் யார் சரிசெய்வது? முதல் இரண்டு கேள்விகளை எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதுதான் அடிக்கடி மறந்துபோகிறது.

பட்டை கட்டிய காலம்

நம் தாத்தாக்கள் ஓட்டிய கட்டை வண்டியின் சக்கரம் உமணர் சக்கரத்திலிருந்து வெகுதூரம் முன்னேறியது. நடுவில் குடம், அதில் செருகிய பன்னிரண்டு ஆரக்கால்கள், இரண்டு ஆரக்காலுக்கு ஒன்றாக ஆறு வட்டைகள், அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டை. தென்மாவட்டங்களில் முழுச் சக்கரத்தையும் 'பைதா' என்பார்கள். கரிசல் பக்கம் மரம் பெரும்பாலும் நாட்டுக் கருவேலம். ஊருக்குள்ளேயே வளர்வது, கெட்டியானது, அடி தாங்குவது.

பட்டை கட்டுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறியதாக இரும்பு வளையத்தை ஒட்டி, வறட்டியை வட்டமாக அடுக்கித் தீமூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் விரிந்த வளையத்தை நான்கு பேர் இடுக்கியால் தூக்கி வந்து மரச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கும்போது வட்டையும் ஆரக்காலும் குடமும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆணியைவிடச் சூடும் குளிர்ச்சியும்தான் அந்தச் சக்கரத்தைக் கட்டின.

கோடையில் மரம் காய்ந்து பட்டை தளரும். அப்போது வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கி ஊறவைப்பார்கள். அதற்கும் மேல் தளர்ந்தால் கொல்லர் பட்டையில் ஒரு துண்டை அறுத்தெடுத்துத் திரும்ப ஒட்டி மறுபடி ஏற்றுவார். இரும்பு வெளியூரிலிருந்து வந்ததுதான். ஆனால் ஒருமுறை ஊருக்குள் வந்த இரும்பு பல ஆண்டுகள் ஊருக்குள்ளேயே பழுது பார்க்கப்பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் நடுவே ஒரு கிராமத்தில், வண்டி வேலை செய்து ஓய்ந்த முதிய ஆசாரி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். டயர் வந்ததில் உங்களுக்கு வருத்தமா என்று கேட்டேன். "வருத்தப்பட்டு என்ன தம்பி. மாட்டுக்கு அது நல்லதுதான். பைதா போனா எங்கிட்ட வருவாங்க, டயரு போனா டவுனுக்குப் போவாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்" என்றார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த மாற்றத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த வண்டிகள்தான் ராஜபாளையத்தை வளர்த்தன. மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை 1876-ல் திறக்கப்பட்டது. விருதுநகரும் சாத்தூரும் கோவில்பட்டியும் அந்தப் பாதையில் இருந்ததால் பஞ்சுச் சந்தைகளாகப் பெருத்தன. மேற்கே மலையோரம் இருந்த ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-ல்தான் வந்தது. அதுவரை அரை நூற்றாண்டு, ரயிலைப் பிடிக்க வேண்டிய பொதியெல்லாம் வண்டியில்தான் போனது. விருதுநகருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் வரிசையாகக் கிளம்புவார்கள். அடியில் அரிக்கேன் விளக்கு ஆடும். வண்டிக்காரர் தூங்கினாலும் முன்வண்டியைப் பார்த்து மாடு போகும். பகலில் புளியமரத்தடியில் அவிழ்த்துப் போட்டுக் கஞ்சி காய்ச்சித் தூங்குவார்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலும் சுற்று வட்டாரக் கிராமத்துப் பஞ்சை ஊருக்குள் கொண்டுவந்தது பட்டை கட்டிய சக்கரம்தான்.

காற்று வந்த வழி

காற்றடைத்த சக்கரம் மோட்டார் காருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது முதலில் மிருகம் இழுக்கும் வண்டிக்காக வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ரப்பர் பூசிய துணிக்குழாய், அதன்மேல் தோலுறை. 1847-ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டிக் காட்டினார். சத்தமில்லை, இழுக்கவும் எளிது. ஆனால் அன்றைய ரப்பர் விலைக்கும் தரத்துக்கும் அது தாக்குப்பிடிக்கவில்லை, உலகம் மறந்துவிட்டது. நாற்பது வருடம் கழித்து, 1888-ல், பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். தாம்சன் முந்திக்கொண்டது தெரியவந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரில் உள்ள நிறுவனம் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் சாகாகஞ்சில் 1936-ல் டயர் ஆலை தொடங்கியது. 1930-களில் இந்தியாவில் கார்களும் லாரிகளும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான், மாட்டுவண்டிகளோ லட்சக்கணக்கில். டயர் விற்க வந்தவன் கண்ணில் அது படாமல் போகுமா? மாட்டுவண்டிக்கென்றே அச்சும் சக்கரமும் டயரும் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். 'ஏ.டி.வி.' என்று, மிருகம் இழுக்கும் வண்டி என்பதன் ஆங்கிலச் சுருக்கெழுத்தைப் போட்டு, பத்தொன்பது அங்குல வளையத்துக்கு வரும் அந்த டயர்கள் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்குதல் வந்தது. சாலைப் பொறியாளர்களுக்குக் கட்டை வண்டி பெரிய தலைவலி. கணக்கு எளிது. ஒரு சக்கரத்தின் மேல் அரை டன் பாரம். பட்டையின் அகலம் இரண்டு அங்குலம். கெட்டியான சாலையில் அது தொடும் இடம் நான்கு சதுர அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர அங்குலத்தின் மேல் 275 பவுண்டு அழுத்தம். முப்பது பவுண்டு காற்றடைத்த டயரோ, நசுங்கி அகன்று, ஏறக்குறைய அதே முப்பது பவுண்டு அழுத்தத்தில்தான் தரையைத் தொடுகிறது. இரும்புப் பட்டை சாலையை உழுதுவிட்டுப் போகிறது என்று பொறியாளர்கள் புலம்பியதில் பொய் இல்லை.

ஆனால் அந்தச் சாலைகள் யாருக்காகப் போடப்பட்டன? ஜெயகர் குழுவின் 1928-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு, 1929-ல் மத்திய சாலை நிதி உருவானது. அதற்குப் பணம் பெட்ரோல் வரியிலிருந்து வந்தது. பெட்ரோல் போடுகிறவன் பணத்தில் வரும் சாலை பெட்ரோல் வண்டிக்குத் தோதாகத்தான் இருக்கும். காலங்காலமாக அந்த வழியில் போய்வந்த வண்டி விருந்தாளி ஆகிவிட்டது, அதுவும் சாலையைக் கெடுக்கிற விருந்தாளி. தார்ச் சாலையின் கெட்டித் தரையில் மாட்டின் குளம்பு தேய்வதையும், அதற்கு அடிக்கடி லாடம் கட்ட வேண்டியிருப்பதையும் யாரும் சாலைக் கணக்கில் எழுதவில்லை.

தயங்கியவர்களின் கணக்கு

ரப்பர் சக்கரம் இழுக்க எளிது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பின்னே ஏன் தயங்கினார்கள்? 'விவசாயி புதுமைக்கு எதிரி' என்று எழுதுவது அதிகாரிகளுக்கு வசதி. எங்கள் பக்கத்து மண்ணைப் பார்த்தால் காரணம் வேறு.

முதலாவது சேறு. ராஜபாளையத்துக்குக் கிழக்கே போகப் போகக் கரிசல். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் பசை. ஐந்தடி உயர மெல்லிய மரச் சக்கரம் சேற்றைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடும். குட்டையான அகலமான ரப்பர் சக்கரமோ சேற்றின் மேல் மிதக்கப் பார்க்கும், மண் அப்பிக்கொள்ளும், சுற்றாமல் சறுக்கும். அதே ரப்பர், மேற்கே மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் ஆற்று மணலிலும் அருமையாகப் போகும். ஒரே தாலுகாவுக்குள் இரண்டு பாதை, இரண்டு விடை.

இரண்டாவது முள். நாட்டுக் கருவேல முள்ளே போதும்; இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம் பரவியது. வேலியிலும் கண்மாய்க்கரையிலும் வண்டிப் பாதையிலும் அந்த முள்தான். இரும்புப் பட்டைக்கு முள் ஒரு பொருட்டே இல்லை. டயருக்குப் பஞ்சர். ஒட்டுவதற்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். வண்டியில் பஞ்சு இருக்கும், மழை வரும்போல் இருக்கும், மாடு நிற்கும்.

மூன்றாவது பணம். பைதாவுக்கு மரம் சொந்த நிலத்தில் இருந்தது, ஆசாரிக்குக் கூலியைக் களத்தில் தானியமாகக் கொடுக்கலாம். டயருக்குக் கையில் ரொக்கம் வேண்டும். தொலைதூர ஆலைக்குப் போகும் ரொக்கம். 1942-ல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசம் போனதும் உலகத்தின் பெரும்பகுதி இயற்கை ரப்பர் ஒரே அடியில் கைவிட்டுப் போனது. டயருக்குக் கட்டுப்பாடு வந்தது. டயருக்கு மாறியவன் மாற்று டயர் கிடைக்காமல் தவிக்க வேண்டிய காலம் அது. பட்டை கட்டியவனுக்கு ஊர்க் கொல்லர் இருந்தார்.

ராஜபாளையம் சாலையில் திருமங்கலத்தை நோக்கிப் போனால் தே.கல்லுப்பட்டி வரும். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா கடைசி ஆண்டுகளைக் கழித்தார். கிராமத்துப் பணமும் வேலையும் கிராமத்துக்குள் சுழல வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர், 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிப் புத்தகம் எழுதியவர். பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, யார் வேலை போகிறது என்றும் பார்க்கச் சொன்னார். அந்தக் கண்ணால் பார்த்தால், ஒரு சோடி டயரின் விலையோடு ஓர் ஆசாரி, ஒரு கொல்லர், இரண்டு உதவியாளர் ஆகியோரின் கோடைக்கால வேலையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஆனால் மறுதட்டில் மாடு இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. பட்டை வண்டி கல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில்தான் இறங்கும். கழுத்துப் புண்ணோடு இழுத்த மாடுகளை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர் கிடையாது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி 1970-களில் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தார். மேலாண்மைப் படிப்பு சொல்லிக்கொடுக்க வந்தவர் மாட்டுவண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அன்றைக்கு நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் இருந்தன. விமானத்துக்கும் ரயிலுக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, இவ்வளவு பேர் நம்பியிருக்கும் வண்டிக்கு ஏன் நடக்கவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. நல்ல சக்கரம், நல்ல நுகம், பிரேக் எல்லாம் வேண்டும் என்றார்.

டயர் வந்தது. மாட்டுக்கு ஓய்வு கிடைத்ததா? பாதிதான். இழுக்க எளிதானதும் மூட்டைகள் கூடின. கட்டை வண்டியில் ஒரு டன் ஏற்றத் தயங்கியவர் டயர் வண்டியில் இரண்டு டன் ஏற்றினார். சக்கரம் மிச்சப்படுத்திய உழைப்பை மூட்டை எடுத்துக்கொண்டது. இறக்கத்தில் புதுத் தொல்லையும் வந்தது: பட்டை வண்டி தானாகவே தயங்கி இறங்கும், டயர் வண்டி பின்னாலிருந்து மாட்டைத் தள்ளும். பிரேக் இல்லாத டயர் வண்டி இறக்கத்தில் ஆபத்தானது.

தேருக்கு வேறு விடை

ரப்பர்தான் முன்னேற்றம், இரும்பு பழமை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலின் பெரிய தேர் ஆடிப்பூரத்தில் ஓடும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. மரச் சக்கரத்தில் ஓடிய காலத்தில் அது ரத வீதிகளைச் சுற்றி நிலைக்கு வரப் பல நாட்கள் ஆகும். வீதியில் பதிந்து நின்றுவிட்டால் ஊரே கூடி நெம்ப வேண்டும். இரும்புச் சக்கரம் வந்த பிறகு ஒரே நாளில் நிலை சேர்ந்துவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேருக்கும் திருச்சி பெல் நிறுவனம்தான் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது.

மாட்டுவண்டி இரும்பிலிருந்து ரப்பருக்குப் போன அதே நூற்றாண்டில் தேர் மரத்திலிருந்து இரும்புக்குப் போயிருக்கிறது. தேரின் பாரத்துக்கு ரப்பர் ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை, தெரிந்த நான்கு வீதியில், நடக்கும் வேகத்தில் ஓடுகிற ஒன்றுக்கு அதிர்ச்சி தாங்கும் மென்மை தேவையுமில்லை. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இன்றும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடக்கிறார்கள். நடுவழியில் நின்றால் சரிசெய்ய ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்தான்.

பஞ்சும் டயரும்

இங்கே ஒரு சின்னச் செய்தி. பஞ்சு ஊரான எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டியது. டயரின் பக்கவாட்டில் '8 பி.ஆர்.', '14 பி.ஆர்.' என்று எழுதியிருக்கும். பலரும் அதை உள்ளே இருக்கும் நைலான் அடுக்குகளின் எண்ணிக்கை என்று நினைக்கிறார்கள். இல்லை. தொடக்கத்தில் டயருக்குள் பலம் கொடுத்தது பருத்தி நூல். எட்டு அடுக்குப் பருத்தித் துணி வைத்த டயர் எவ்வளவு பாரம் தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்பதற்கான அடையாளம்தான் அந்த எட்டு. பிறகு ரேயான் வந்தது, நைலான் வந்தது. குறைந்த அடுக்கிலேயே அதே பலம் கிடைத்தது. ஆனால் எண் மட்டும் பருத்திக் கணக்கிலேயே நின்றுவிட்டது. எங்கள் நாட்டுக் கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது, அந்த வேலைக்கு ஆகாது. நீள இழைப் பருத்திதான் டயருக்குள் போனது. ஆனாலும் இன்றும் ஒவ்வொரு லாரி டயரும் பஞ்சின் பெயரால்தான் தன் பலத்தைச் சொல்லிக்கொள்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு டயர் பக்கத்தில் வந்தது. பலூன் செய்து தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி 1952-ல் ரீட்ரேடிங்குக்கான டிரெட் ரப்பர் தயாரித்தது. 1960-களில் முழு டயருக்கு வந்தது. சென்னை அம்பத்தூரில் டன்லப் ஆலை வந்தது. பிற்பாடு மதுரை வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா வந்தது. லாரிகள் பெருகியபோது கழித்துக்கட்டிய லாரி டயர்கள் மலிந்தன. பஞ்சர்க் கடை ஊருக்கு ஊர் முளைத்தது. டயர் வண்டி பரவியதற்குப் புது டயரைவிட இந்த இரண்டும்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கொல்லருக்குப் பதில் பஞ்சர்க்காரர் ஊருக்குள் வந்த பிறகுதான் விவசாயி நம்பிக் காற்றுக்கு மாறினார். மாறி முடிப்பதற்குள் டிராக்டர் வந்துவிட்டது என்பது வேறு கதை.

சின்ன டிரெய்லருக்கு

இவ்வளவும் இன்றைக்கு எதற்கு? எனக்குத் தெரிந்த ஒருவர் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்க, பட்டறையில் சொல்லிச் செய்த சின்ன டிரெய்லர் ஒன்று உண்டு. இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் திறந்தால் அடுப்பு. சப்பட்டை காய்க்கும் பருவத்தில் காவலுக்கு அதில்தான் தங்குவார். மற்ற நாளில் குடும்பத்தோடு எங்காவது கிளம்பிவிடுவார். டயர் இரண்டும் வெடிப்பு விட்டதும் எதைப் போடுவது என்று கேட்டார். ஏ.டி.வி. டயர், பழைய லாரி டயர், பட்டன் பெருத்த காட்டு டயர் என்று மூன்று யோசனை அவருக்கு வந்திருந்தது.

ஏ.டி.வி. டயர் மாட்டின் வேகத்துக்காகச் செய்தது. ஜீப் அறுபதில் போகும்போது அதைப் போட்டால் சூடேறிப் பிய்ந்துவிடும். பழைய லாரி டயர் வெளியே திடமாகத் தெரியும், உள்ளே நூல் களைத்திருக்கும், கனமும் அதிகம். பெரிய பட்டன், தானே உந்தி நகரும் சக்கரத்துக்குத் தேவை. டிராக்டரைப் பார்த்தாலே புரியும்: பின் சக்கரத்தில் அம்பு போன்ற பட்டன், முன் சக்கரத்தில் வெறும் கோடுகள், இழுபடும் டிரெய்லரிலும் கோடுகள். இழுபடுகிற சக்கரத்துக்கு உருண்டால் போதும்.

நல்ல விடையை இரண்டாம் உலகப் போரிலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்க ராணுவம் ஜீப்புக்குப் பின்னால் இழுக்கக் கால் டன் டிரெய்லர் ஒன்றைச் செய்தபோது, ஜீப்பில் இருந்த அதே 6.00-16 சக்கரத்தையே அதற்கும் போட்டது. எந்தச் சக்கரம் போனாலும் ஒரே மாற்றுச் சக்கரம் போதும். இன்றைய காட்டுப்பயண டிரெய்லர்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை. நாம் 'ஸ்டெப்னி' என்று சொல்வதும் ஒரு தெருவின் பெயரில்தான்: வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற சகோதரர்களின் கடை. அங்கே அந்தச் சொல் மறைந்துவிட்டது, இங்கே வாழ்கிறது. சேம அச்சுக்கு வந்த புதுப்பெயர்.

அவர் ஜீப் டயர் அளவிலேயே, ட்யூப் உள்ள டயராக வாங்கினார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். '2319' என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. நின்றுகொண்டே இருக்கும் டிரெய்லரில் டயர் தேய்வதற்குமுன் வெயிலில் கிழடாகிவிடும். அதனால் பட்டனைவிட இந்த எண் முக்கியம். தோப்புக்குள் மணலில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்து, சாலை ஏறியதும் திரும்ப நிரப்பிக்கொள்ள ஒரு பம்பும் வாங்கிவைத்தார்.

மாட்டியது தென்காசி சாலையில் ஒரு பஞ்சர்க் கடையில். கடைக்காரர் வளையத்தைத் தட்டிப் பார்த்தார், பேரிங்கைச் சுற்றிப் பார்த்தார், டிரெய்லருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, எவ்வளவு வெயிட்டு ஏத்துவீங்க? தண்ணித் தொட்டி நெறச்சா எவ்வளவு?" என்று கேட்டார். டயர் விற்றவர் அளவை மட்டும்தான் கேட்டிருந்தார். பழுது பார்க்கிறவருக்குத்தான் பாரத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது. நாளைக்கு நடுவழியில் நிற்கும்போது கூப்பிடப்போவது அவரைத்தானே.